கடலூரின் உயரம் எவ்வளவு?

நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய கோடைக்காலக் குறுகிய பயிற்சியில் ஜிஐஎஸ் எனப்படும் புவித்தகவல் தொழில்நுட்பத்தைப் படித்துவிட்டுக் கடலூர் திரும்பியதிலிருந்து, கல்லூரியில் எனக்கு இளையவர்களான பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே எந்த மென்பொருளைக் கற்றுத் தந்தார்கள்? கற்றுத் தந்தது க்யூஜிஐஎஸ். 2002ஆம் ஆண்டு கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கி, இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச மென்பொருள் அது. மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தபடியே அதைத் தரவிறக்கிக்கொள்ளலாம்; பழகிக்கொள்ளக் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. மென்பொருளுக்காக மட்டும் ஒருவர் ஐரோப்பா வரை போவது வீண் செலவு என்றே சொல்வேன்.

அங்கே கிடைத்தது வேறு. வரைபடத்தில் உள்ள எந்த எண்ணையும், அது எதிலிருந்து அளக்கப்பட்டது, எவ்வளவு பிழைக்கு இடம் வைத்து அளக்கப்பட்டது என்று விசாரித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற கண்டிப்பு அது. எல்லாப் பாடங்களிலும் அந்தக் கண்டிப்பு இருந்தாலும், ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் வானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய ஊர்க்காரியான எனக்கு, அது உயரம் என்ற ஒற்றை அளவில் வந்து நின்றது. இந்தப் பதிவும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

நெதர்லாந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வளரும் நாடுகளின் நில அளவையாளர்களுக்கு வான்வழிப் படங்களிலிருந்து வரைபடம் தயாரிக்கக் கற்பிப்பதற்காக 1950இல் டெல்ஃப்ட் நகரில் ஐடிசி என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று தொடங்கிய வில்லெம் ஸ்கெர்மெர்ஹார்ன் அந்நாட்டின் பிரதமராக இருந்தவர். அதற்கும் முன்பு நில அளவையியல் பேராசிரியர். 1971இல் ஜெர்மனி எல்லையை ஒட்டிய என்ஸ்கெடே நகருக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனம், 2010 முதல் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் ஒரு புலமாக இயங்குகிறது. நம் டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனமும் 1966இல் நெதர்லாந்து அரசின் ஒத்துழைப்போடு, ஐடிசியின் வழியைப் பின்பற்றித் தொடங்கப்பட்டதுதான். நம் நாட்டில் இத்துறையில் முதல் தலைமுறை ஆசிரியர்கள் பலர் அந்தப் பள்ளியின் வழிவந்தவர்கள். (டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் நம் தேவனாம்பட்டினத்தில் கடை விரித்தவர்கள் என்பதை வகுப்பில் சொன்னேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.)

விண்ணப்பம், விசா, கட்டணம் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடைப் பயிற்சிகளுக்கான அறிவிப்பு குளிர்காலத்திலேயே வந்துவிடும். கட்டணச் சலுகைக்கான கடைசி நாள் பெரும்பாலும் சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன்பே முடிந்துவிடும். ஷெங்கன் விசாவுக்குச் சென்னையில் நேரம் கிடைப்பது கோடையில் கடினம் என்பதால் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே பதிவு செய்துவிட வேண்டும். உணவு விஷயத்தில், ஒரு சிறிய குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் கவலை இல்லை.

இனி உயரத்துக்கு வருகிறேன்.

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவு வடகடலில் எழுந்த புயல் கரைகளை உடைத்து உள்ளே புகுந்தபோது அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எழுந்த அணைகளையும் மதகுகளையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றுதான் என்னை ஈர்த்தது: அந்த நாடு தன் தரையின் உயரத்தை முழுவதுமாக அளந்து வைத்திருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் கதிரைத் தரையை நோக்கி அனுப்பி, அது திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் லிடார் முறையில், 1990களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுச் சுற்றாக நாடு முழுவதையும் அளந்துவருகிறார்கள். ஏஹெச்என் என்று அழைக்கப்படும் அந்தத் தரவில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்ற அளவில் தரையின் உயரம் கிடைக்கிறது. பிழை சில சென்டிமீட்டர்தான். யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும், கட்டணமின்றி, விண்ணப்பமின்றி அதைத் தரவிறக்கிக்கொள்ளலாம். முதன்முதலில் அதைத் திரையில் திறந்து நிழலிட்டுப் பார்த்தபோது வயல்களின் வரப்புகளும், வாய்க்கால்களின் கரைகளும், எப்போதோ தூர்க்கப்பட்ட பழைய ஓடையின் தடமும் துல்லியமாகத் தெரிந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் உயரம் என்பது எதிலிருந்து? இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினார்கள். அங்கே கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் களப்பயிற்சி மாலை முழுவதும் நீளும். செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பெறும் நில அளவைக் கருவியை ஒரு புல்வெளியில் நிறுத்தி அளந்தபோது, கருவி காட்டிய உயரத்துக்கும் அந்நாட்டின் அதிகாரபூர்வ உயரத்துக்கும் நாற்பது மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தது. கருவியில் கோளாறு இல்லை. செயற்கைக்கோள் கருவி உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியின் வடிவத்துக்கு நெருக்கமாகக் கணிதம் வகுத்துவைத்திருக்கும், துருவங்களில் சற்றே தட்டையான ஒரு நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல் மட்டமோ அந்த வழுவழுப்பான கோளத்தோடு ஒத்துப்போவதில்லை. பூமிக்குள் உள்ள பொருள்களின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஈர்ப்பு விசையும் மாறுகிறது. அதற்கேற்பக் கடல் மட்டம் சில இடங்களில் கோளத்துக்கு மேலே எழும்பியும் சில இடங்களில் கீழே தாழ்ந்தும் நிற்கிறது. அந்த மேடுபள்ளமான மட்டத்துக்கு ஜியாய்டு என்று பெயர். நெதர்லாந்தில் அது கோளத்துக்கு நாற்பத்துச் சொச்சம் மீட்டர் மேலே இருக்கிறது.

உலகிலேயே அது மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் எது என்று பயிற்றுநர் ஒரு வண்ணப்படத்தைக் காட்டினார். நம் குமரி முனைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. கடலூர் வெள்ளிக் கடற்கரையில், அலை காலை நனைக்கும் இடத்தில், அதே கருவியை நிறுத்தினால் அது சுழியத்துக்கு ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் கீழே என்று காட்டும். திறன்பேசியில் உள்ள சில செயலிகள் நம் ஊரில் உயரத்தை எதிர்மறை எண்ணாகக் காட்டுவதன் காரணம் இதுவே. நிலம் தாழ்வுக்குப் பெயர்போன நாட்டில் கருவி உயர்த்திக் காட்டுகிறது, நம் கரையில் தாழ்த்திக் காட்டுகிறது என்பதை எண்ணி அன்று மாலை வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு நாடும் தன் சுழியத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. டச்சுக்காரர்களின் சுழியம் 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் நகர மதகுகளில் குறித்துவைத்த நீர்மட்டத்திலிருந்து வந்தது; பிற்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகள் அதையே எடுத்துக்கொண்டன. நம்முடையது, ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் கடலின் ஏற்ற இறக்கத்தை அளந்து 1909இல் முடிவு செய்யப்பட்ட சராசரிக் கடல் மட்டம். அந்த ஒன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் எம்.எஸ்.எல். என்று எழுதி ஓர் எண்ணைப் போட்டிருப்பார்களே, அது இந்தச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து சொல்லப்படும் உயரம்தான்.

பயிற்சியின் பிற்பகுதியில் ஒவ்வொருவரும் தம் சொந்த ஊரை எடுத்துக்கொண்டு ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். நான் தென்பெண்ணை, கெடிலம் ஆறுகள் கடலில் சேரும் பகுதியை எடுத்துக்கொண்டேன். இங்கேதான் இடறல் தொடங்கியது. கடலூருக்கு இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது எஸ்ஆர்டிஎம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடார் மூலம் எடுத்தது அது. முப்பது மீட்டருக்கு ஓர் எண் என்ற கணக்கில், முழு மீட்டராக மட்டுமே அதில் உயரம் கிடைக்கும். அதை உருவாக்கியவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட பிழை வரம்பே 16 மீட்டர். சமதளத்தில் நடப்பில் பிழை அதைவிடக் குறைவு என்றாலும் சில மீட்டர் நிச்சயம் உண்டு. அத்துடன் ரேடார் கண்டது தரையை மட்டுமல்ல, முந்திரித் தோப்பின் தலையையும் சவுக்குத் தோப்பின் தலையையும் வீட்டுக் கூரையையும்தான். கடலூர் நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முழங்கால் அளவு நீர் நிற்கும் தெருவுக்கும் வாசற்படியோடு நீர் நின்றுவிடும் தெருவுக்கும் இடையே இருப்பது ஓரடி, ஒன்றரை அடி. மூன்று நான்கு மீட்டர் முன்னே பின்னே இருக்கக்கூடிய எண்ணைக் கொண்டு அந்த ஒன்றரை அடியைத் தேடுவது, மாட்டு வண்டி எடைபோடும் மேடையில் கொத்தமல்லி விதையை நிறுப்பதைப் போன்றது.

ஆனாலும் அந்தத் தரவில் வரைபடம் வரும். அழகாகவே வரும். மென்பொருள் எதையும் மறுப்பதில்லை. ஐந்து மீட்டருக்குக் கீழே உள்ளதையெல்லாம் நீல நிறமாக்கு என்றால் ஆக்கிவிடும். எல்லைக்கோடுகள் கூர்மையாகவும், நிறங்கள் படிப்படியாகவும் இருக்கும். அச்சிட்டுச் சட்டகம் போட்டு மாட்டலாம். இத்தகைய படங்கள் நம் மாவட்டத்தைப் பற்றிய மாணவர் ஆய்வேடுகளில் ஏராளம். அவற்றின் ஓரத்தில், உயரத்தின் பிழை இவ்வளவு என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் போதும், மேலே உள்ள பாதி நிறங்களுக்குப் பொருள் இல்லை என்று வாசிப்பவருக்கு விளங்கிவிடும். அந்த வரி எழுதப்படுவதில்லை என்பதே என் குறை.

நீரின் மட்டத்தை உயர்த்தி எந்த இடங்கள் மூழ்கும் என்று பார்க்கும் எளிய முறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெதர்லாந்தில் அதைச் செய்தால், கரைகளுக்குப் பின்னால் உலர்ந்து கிடக்கும் பல நூறு சதுர கிலோமீட்டர் நீலமாகிவிடும். தாழ்வாக இருந்தாலும் நீர் அங்கே போக வழி இல்லை என்பது கணக்கில் வராது. நம் ஊரில் நடப்பது இதன் மறுபக்கம். பெருமாள் ஏரி போன்ற ஏரிகளின் கரைகள், ரயில் பாதையின் மண்மேடு, அகலப்படுத்தி உயர்த்தப்பட்ட சாலைகள் ஆகியவைதான் வெள்ளம் எந்தப் பக்கம் தேங்கும் என்பதை முடிவு செய்கின்றன. ஆறேழு மீட்டர் அகலமுள்ள ஒரு கரை, முப்பது மீட்டர் கட்டத்துக்குள் கரைந்து காணாமல் போய்விடும். அதன் அடியில் உள்ள சிறு மதகு எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. அந்த மதகுகளைத் தெரிந்தவர்கள் அந்தந்த ஊர் விவசாயிகள்தான்.

உயரத் தரவு கைவிட்டபோது, வெள்ளம் வந்த நாளின் செயற்கைக்கோள் படத்திலிருந்தே மூழ்கிய பகுதியை எடுத்துவிடலாம் என்று ஒரு வழி உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த பெருவெள்ளம் தென்பெண்ணையின் இரு கரைகளையும் மூழ்கடித்தது. அந்த நாள்களில் மேகம் விலகாததால் சாதாரண ஒளிப்படம் பயன்படாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும். அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடி போலச் செயற்கைக்கோளை விட்டு விலகிய திசையில் திருப்பிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். ஆனால் அதன் இரட்டைச் செயற்கைக்கோள்களில் ஒன்று 2021 டிசம்பரில் செயலிழந்துவிட்டது. அதற்கு மாற்றாக ஏவப்பட்ட அடுத்தது விண்ணுக்குப் போனது 2024 டிசம்பர் 5இல். ஆகவே புயல் வந்தபோது ஒன்றே ஒன்றுதான் இயங்கிக்கொண்டிருந்தது; ஒரே பாதையில் அது திரும்ப வரப் பன்னிரண்டு நாளாகும். வெள்ளத்தின் உச்சம் அதற்காகக் காத்திருக்காது.

இதைவிடச் சுவையான தொல்லை ஒன்று இருந்தது. கார்த்திகையில் நம் மாவட்டத்தின் சம்பா வயல்கள் இயல்பாகவே நீர் நிறைந்திருக்கும். ரேடாருக்கு அதுவும் கருப்பு, வெள்ளமும் கருப்பு. நகரத்துக்குள்ளோ நேர்மாறு: தெருவில் நிற்கும் நீரிலும் சுவரிலும் பட்டு அலை இருமுறை திரும்புவதால், மூழ்கிய தெரு சில வேளைகளில் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் எதையும் சொல்லக் கூடாது என்று பயிற்றுநர் வற்புறுத்தியதன் நியாயம் அப்போது புரிந்தது. வகுப்பில் இதை உடனே பிடித்துக்கொண்டவர் வங்கதேசத்திலிருந்து வந்திருந்த ஒரு பொறியாளர். அவர் ஊரிலும் அதே நெல், அதே கருப்பு.

எல்லைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரி மாவட்டம் ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. தென்பெண்ணையின் தென்கரை கடலூர். வடகரையில் குருவிநத்தம், சோரியாங்குப்பம் போன்ற ஊர்கள் புதுச்சேரியின் பாகூர் பகுதியில் வருகின்றன. மாநில எல்லையைக் கொண்டு வெட்டப்பட்ட தரவைத் திறந்தால் ஆற்றின் ஒரு கரை இருக்கும், மறுகரை வெற்றிடமாக இருக்கும். மற்றொரு அரசின் தரவை எடுத்து இணைத்தால் இரண்டின் கோடுகளும் பொருந்தாமல் இடையில் மெல்லிய இடைவெளிகள் விழும். என் ஆய்வில் அதிக நேரத்தை விழுங்கியது இந்தத் தையல் வேலைதான். நெதர்லாந்தில் நீரை நிர்வகிப்பது மாகாணமோ நகராட்சியோ மட்டும் அல்ல. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே வளர்ந்துவந்த நீர் வாரியங்கள், இப்போது 21, அதற்கென்றே இருக்கின்றன. அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் நீர் ஓடும் போக்கை ஒட்டி அமைந்தவை. தேர்தலும் வரியும் தனி. ஏஹெச்என் உயரத் தரவு உருவானதிலும் அவ்வாரியங்களின் பணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அன்று பேசி வகுத்த எல்லையை இன்று மாற்ற முடியாது. ஆனால் தென்பெண்ணையின் இரு கரைகளுக்கும் ஒரே உயர வரைபடம் இருப்பதற்கு எந்த எல்லையும் தடையாக வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் இந்தப் படங்களையெல்லாம் சித்தப்பாவுக்குக் காட்டினேன். நில அளவைத் துறையில் சங்கிலியும் குறுக்குக் கோலும் பிடித்துத் தொடங்கி, டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியின் காலத்தில் ஓய்வு பெற்றவர். வண்ணங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிம்மா, பெஞ்ச்மார்க் எதை வச்ச?” என்று கேட்டார். உயரம் ஏற்கெனவே அளந்து குறித்துவைக்கப்பட்ட நிலையான புள்ளிக்குத்தான் அந்தப் பெயர். செயற்கைக்கோளிலிருந்து எடுத்தது சித்தப்பா என்றேன். “அப்ப லெவல் எடுத்துச் சரிபார்க்கல” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஐரோப்பாவில் கட்டணம் கட்டிக் கேட்ட அதே கேள்வி.

நம் நாட்டில் நிலைமை மாறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள், இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதியின்றி நிலத் தரவு சேகரிக்க வழிவிட்டன. 2022இன் தேசியப் புவித்தகவல் கொள்கை, 2030க்குள் நாட்டின் சமவெளிகள் முழுவதற்கும் 25 சென்டிமீட்டர் அளவிலான உயர வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அது வந்து, பொதுமக்கள் கைக்கும் எட்டுமானால், மேலே நான் புலம்பியதில் பாதி செல்லாததாகிவிடும். எட்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். தரவு தயாராவதும் அது ஒரு மாணவியின் கணினிக்கு வந்து சேர்வதும் இங்கே ஒன்றல்ல.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2024 வெள்ளத்தின் சேற்றுக் கோடு ஆற்றோரத் தெருக்களின் சுவர்களில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வெள்ளையடிக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அது குறைந்துகொண்டே போகும். எந்த உயரத் தரவையும் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது. உயர வித்தியாசத்தை அளக்க உதவும் தொலைநோக்கிக் கருவியான டம்பி லெவலைப் பிடிக்கச் சித்தப்பாவிடம் பழகிக்கொண்டு, நானும் கல்லூரி மாணவர்கள் சிலரும் விடுமுறை நாள்களில் அந்தக் கோடுகளை அளக்கத் தொடங்கியிருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் உங்கள் தெருவில் உள்ள கோட்டை முதலில் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துவிடுங்கள். தரையிலிருந்து கோடு வரை உள்ள உயரம், வீட்டுக்காரர் சொல்லும் நாளும் நேரமும், அந்தத் தரை பிறகு சிமென்ட் போட்டு உயர்த்தப்பட்டதா என்ற விவரம், இவற்றை ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். லெவல் எடுக்கும்போது எந்தப் பெஞ்ச்மார்க்கிலிருந்து தொடங்கினோம் என்பதற்கு அதில் ஒரு தனி நிரல் இருக்கிறது. அது காலியாக உள்ள வரிசைகளைச் சித்தப்பா சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.